ஆர்கனுக்காக ஒரு சேவல்

படப்பையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிரே பழைய கிறிஸ்தவச் சிற்றாலயத்தின் வாசலில், பாடல்களுக்கு வாசிக்கும் பழுதான குழாய் ஆர்கனைச் சரிசெய்யப் பணம் திரட்டும் ஏலம் நடக்கிறது. ஆர்வக்கோளாறில் நானும் கேட்டுவிட, அறுநூறு ரூபாய்க்கு ஒரு சேவல் கைக்கு வருகிறது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறேன். கூட்டம் மொத்தமும் திரும்பி என்னையே பார்க்கிறது.

ஏலம் விட்டவர், ஷிஃப்ட் முடிந்து வந்த கம்பெனி யூனிஃபார்மோடு பின்னாலேயே ஓடிவருகிறார்.

"இன்னா சார், தூக்கினு போறீங்க? எடுத்தவங்க திருப்பிக் குடுத்துடணும். மறுபடியும் ஏலம் வுடுவோம். இன்னிக்கே ஒம்போது தபா போயிருக்குது."

"காசு குடுத்திருக்கேனே?"

"அது ஆர்கனுக்கு சார். நீங்க இத்த கொழம்பு வெச்சிட்டா, மீதிக் குழாய்க்கு நாங்க எங்க போறது?"

எனக்கும் ரோஷம் வருகிறது. பேச வாயெடுக்கையில் பிடி தளர்ந்து, சேவல் கீழே குதிக்கிறது. யாரும் அதை விரட்டவில்லை. அது தானாகவே நடந்துபோய் ஏல மேசைமேல் ஏறி நிற்கிறது.