குடுமியில் ஆறு மாத இருட்டு

நவமணி டீச்சருக்குக் கோபம் வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையே அதிரும். மலேசியாவில், பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அது. ஒரே நீளக் கூடம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே கரும்பலகைதான் சுவர். அந்தப் பக்கம் அவர் அறிவியல் நடத்துவார், இந்தப் பக்கம் நான் கணக்கு நடத்துவேன். அவர் குரலோடு போட்டி போட்டு நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

அதே தோட்டத்தில் தேங்காய் மட்டை உரித்த ஐயாவுவின் மகள் அவர். கொப்பரைக் கொட்டகையில் அம்மாவோடு வேலை செய்துகொண்டே படித்துத் தற்காலிக ஆசிரியை ஆனவர். அந்தத் ‘தற்காலிக’ என்ற சொல் வருஷக் கணக்கில் அவரை விட்டுப் போகமாட்டேன் என்றது. 1978இல், ஈப்போவிலிருந்து தமிழ்ப்பள்ளிகளை மேற்பார்வையிடும் அமைப்பாளர் அர்ச்சுனன் பள்ளியைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் பாடம் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுபடியும் கொப்பரைக் கொட்டகைதான். டீச்சர் எவ்வளவு பயந்து போயிருந்தார் என்பது எனக்குத் தெரியும். என்னிடமே அந்த வாரம் மரியாதையாகப் பேசினார்.

அன்றைய பாடம் இரவு பகல். பூமி சுழல்வதைப் பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அமைப்பாளர் கொட்டாவி விட்டார். துருவத்தில் மாதக் கணக்கில் சூரியனே தெரியாது என்று டீச்சர் சொல்லி, துருவம் என்றால் என்ன என்று கேட்டார். வீரம்மா என்ற சிறுமி எழுந்தாள்.

“தேங்கா துருவுறது, டீச்சர்.”

கூடமே சிரித்தது. என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அமைப்பாளரின் புருவம் ஏறியதைக் கரும்பலகை இடுக்கு வழியே பார்த்தேன். தென்னந்தோட்டத்துப் பிள்ளை வேறு என்னத்தைச் சொல்லும்? கூரை அதிரப்போகிறது என்று காத்திருந்தேன்.

டீச்சர் கத்தவில்லை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூசைக்கு வைத்திருந்த தேங்காயைக் குடுமியோடு தூக்கிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் கார்த்திகேசு பதறிப்போய்த் தடுக்க வந்தார். யார் கேட்டது? டீச்சர் ஜன்னல் பலகைகளை மூடச் சொல்லி, அரிக்கேன் விளக்கை ஏற்றி, அதை அமைப்பாளர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“சார், நீங்கதான் சூரியன். அசையாம நில்லுங்க.”

மனிதர் கூடத்தின் நடுவே, கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

தேங்காய்தான் பூமி, குடுமிதான் வடதுருவம். குடுமி வாசலைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்து, வாசலுக்கும் விளக்குக்கும் நடுவே நின்று டீச்சர் சுழற்றினார். தேங்காயின் வயிற்றில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வந்தன. குடுமி மட்டும் இருட்டிலேயே கிடந்தது. பிறகு அதே சாய்மானத்தில், குடுமி வாசலையே பார்க்க, விளக்கைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனார். இப்போது குடுமியில் வெளிச்சம். எவ்வளவு சுழற்றியும் அது போகவில்லை. ஆறு மாத இருட்டும் ஆறு மாத வெளிச்சமும் இப்படித்தான் என்றார். என் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு, பெஞ்சில் ஏறிக் கரும்பலகைக்கு மேல் தலையை நீட்டினார்கள். நான் எப்படித் தடுப்பேன்? நானும்தான் ஏறியிருந்தேன்.

அமைப்பாளர் விளக்கும் கையுமாக வீரம்மாவை மடக்கப் பார்த்தார். அந்த இருட்டு பாகான் டத்தோவுக்கு எப்போது வரும் என்று கேட்டார். அவள் தேங்காயை ஒருமுறை பார்த்தாள்.

“வராது சார். நம்ம ஊரு வயித்துலதான இருக்கு. எப்படிச் சாச்சாலும் தெனமும் வெளிச்சம் வரும்லா.”

அமைப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார்.

“இவங்கள இன்னுமா தற்காலிகமா வச்சிருக்கீங்க? ஈப்போ போனதும் எனக்கு மொத வேலை இதுதான்.”

கூடம் கைதட்டி ஓய வெகுநேரம் ஆனது. சொந்தத் தங்கை ஜெயித்த மாதிரி எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. டீச்சர் அழுதார், அழுதுகொண்டே என்னைப் பெஞ்சை விட்டு இறங்கச் சொல்லி அதட்டினார்.

பூசை முடிந்து தேங்காயை உடைத்தார்கள். பக்கத்துத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து தேங்காய்த் துருவி வாங்கி வந்து, டீச்சர் அதை வீரம்மா முன்னால் வைத்தார்.

“நீ சொன்னதும் சரிதான். துருவு.”

அவள் துருவினாள். டீச்சர் சீனி போட்டுப் பிசைந்தார். முதல் பிடி சூரியனுக்குப் போனது.