அர்பாப் அரபியான கதை

அர்பாப் அரபியாகப் பிறக்கவில்லை; நாற்பது மாடு சேர்ந்ததும் அரபியானான். ஜெபல் மர்ரா மலையடியில் அது அதிசயமில்லை. கம்பு விதைக்கிறவரை ஃபூர் குடி; மாடு பெருகி, மேய்ச்சலைத் தேடி அதன் பின்னாலேயே போய்விட்டால் நாலு மழைக்குள் அரபி. அர்பாபின் காளை மூச்சு விட்டால் மூன்று கூடாரம் பறக்கும் என்பார்கள். உண்மையில் பறந்தது இரண்டுதான்.

அவன் சேர்ந்த அரபிக் கூட்டத்தில் ஒருவன் கொலை செய்துவிட்டால் ரத்த ஈடாக எல்லோரும் மாடு கொடுக்க வேண்டும். பங்கு கொடுப்பவன் கூட்டத்து ஆள். முப்பது வருஷத்தில் அர்பாப் மூன்று முறை கொடுத்திருந்தான். தங்கை கல்தூமா மட்டும் மலையடிக் கிராமத்திலேயே தங்கிவிட்டாள். பெருநாளுக்குப் பெருநாள் ஆள் மூலம் வெண்ணெய் அனுப்புவான், தான் போனதில்லை.

பஞ்சத்தின் இரண்டாம் வருஷம், நகரத்து ஆள் ஒருவன் லாரி நிறையத் துப்பாக்கியோடு அவர்கள் கூடாரத்துக்கு வந்தான்.

"இது அரபி மண்ணு. கறுப்பனுங்க கிணத்த மறிக்கிறானுங்க. நாளைக்கு விடிஞ்சதும் மலையடி ஊரக் கொளுத்தணும்."

அவன் நிறமும் அடுப்புக்கரிதான், யாரும் சிரிக்கவில்லை. அர்பாபின் தொடையில் கொதிக்கிற தேநீர் கொட்டியது. அவனுக்கு உறைக்கவில்லை.

"டேய் ஜிப்ரீல், அங்க உங்க அத்தை இருக்காடா!" என்று மகனின் தோளைப் பிடித்தான்.

"எனக்கேதுப்பா அத்தை? நாம அரபி." மகன் புதுத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அர்பாப் எழுந்து கத்தினான். "நான் ஃபூர்! எல்லாரும் கேட்டுக்கங்க!"

பூமி பிளக்கும் என்று நினைத்தான். கூட்டத்துத் தலைவர் ஷேக் பெஷாரா பல் குத்திக்கொண்டே, "ஆமா, எங்களுக்குத் தெரியாதாக்கும்! மாடு ஓட்டத் தெரியாம வால்ல தொங்கிட்டு வந்தவன்தானே நீ? மூணு ரத்தத்துக்கு ஈடு குடுத்திருக்க. நீ எங்க ஆளு," என்றார்.

"அப்ப என் தங்கச்சி?"

"அவ என்னைக்கு மாடு குடுத்தா?"

"நம்ம ஆளுன்னா நல்லதாப் போச்சு," என்றான் நகரத்தான். "வழி தெரிஞ்சவன். முன்னால போகட்டும்."

அவனோடு ஒரே தட்டில் களி தின்ற முகங்களெல்லாம் தலையாட்டின. ஒருவர்கூட விளையாட்டுக்கு ஆட்டவில்லை.

அர்பாப் காளை மேல் ஏறினான்.

"இப்பவேவா?" என்றான் நகரத்தான்.

"முன்னால போகத்தானே சொன்னீங்க? வேவு பாத்துட்டு வாரேன்."

"ஆளுக்கு அவசரத்தப் பாரு!" என்று சிரித்தார்கள்.

வெயில் சாயுமுன் ஊர் எல்லையை அடைந்தான். தலைப்பாகையும் காளையும் கண்ணில் பட்டதுதான் தாமதம், "அரபி வந்துட்டான்!" என்ற கூக்குரல் எழுந்தது. உலக்கைகள் விழுந்தன. ஊரே மலைமேல் ஓடியது. எல்லோருக்கும் முன்னால், பேரனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கல்தூமா.

ஓடச் சொல்லத்தான் வந்திருந்தான். கூப்பிட வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டான். அவன் குரல் கேட்டால் அவள் நின்றுவிடுவாளே.