சிவபாதமண்ணை இருந்த கதிரை

கம்பசில் இருந்து வந்து ஒழுங்கைக்குள் திரும்பியதும், இரும்புக் கதிரைகளை விரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் சனசமூக நிலையத் தலைவர் சிவபாதமண்ணையின் செத்தவீடு. எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சத்தம் மட்டும் காதுக்குள் நின்றது.

அப்பா செத்தபோதும் இதே கதிரைகள்தான். எங்கள் சாதி வீடுகளுக்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்து இருப்பதில்லை. அப்பா யாருடைய புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தாரோ, அவர்கள்கூட வெயிலில் தெருவிலேயே நின்றார்கள். அவர்களின் சாதிக்காரரான சிவபாதமண்ணைதான் நிலையத்துக் கதிரைகளை உழவு மெசினில் கொண்டுவந்து, ஒன்றைக் கிறீச்செண்டு விரித்து எங்கள் முற்றத்தில் இருந்தார்.

"தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ."

அம்மா திகைத்துப்போய்ச் செம்பை நீட்டினா. அவர் வாய் வைத்துக் குடித்துவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

"கதிரை ஒண்டும் கடிக்காது. வந்து இருங்கோவன்!"

ஒவ்வொருவராக வந்தார்கள்.

இண்டைக்கு அவருடைய கேற்றடியில் எங்கடை ஆக்கள் உள்ளே போகத் தயங்கி நின்றார்கள். அம்மா ஒருவரையும் பார்க்காமல் போய், ஒரு கதிரையை விரித்து இருந்தா. அவருடைய மகளைக் கூப்பிட்டா.

"பிள்ளை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ."

மகள் செம்போடு வந்தா. எங்கடை ஆக்களும் உள்ளே வரத் தொடங்கினார்கள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை விரித்து இருந்தேன். அழுகை இன்னும் வரவில்லை.