ஊசி ஒடியாத துப்பாக்கி

எங்கள் வீட்டு கிழக்குச் சுவரில் ஒரு முத்துச்சிப்பி ஒட்டியிருந்தது. அதன் உள்பக்கப் பளபளப்பு வெளியே தெரியும்படி களிமண் குழைத்து ஒட்டியவர் மாமா. சுவருக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத உப்புத் தரை. சாயங்கால வெயில் சன்னல் வழியாக விழும்போது சிப்பி ஒரு கண் மாதிரி விழித்துக்கொள்ளும். மாமா அந்தக் கண்ணை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவார்.

மாமா அம்மாவின் தம்பி. தாத்தா மீன்பிடிக்க வள்ளத்தில் போய்த் திரும்பி வராததால் அவரைத் தூக்கி வளர்த்தது அம்மாதான். கஸ்டம்ஸில் வேலை கிடைத்து, கடத்தல் படகுகளை விரட்டும் லாஞ்சில் அவரைப் போடுவதாக இருந்தது. அதற்குச் சுடும் சோதனையில் தேற வேண்டும். முதல் தடவை தேறவில்லை. வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததுமே கை தானாகத் துள்ளிவிடுகிறது என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். இன்னொரு தடவை வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் லாஞ்ச் இல்லை, துறைமுக வாசலில் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் அனுமதி வாங்கித் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தோட்டா இல்லாமலே விசையை இழுத்துப் பழகினார்.

பழகும் முன் ஒரு சடங்கு நடக்கும். தோட்டாக்களை எல்லாம் கழற்றி ஓலைக் கொட்டானில் போடுவார். துப்பாக்கியின் வாயைத் திறந்து தானும் பார்த்து அம்மாவுக்கும் காட்டுவார். அம்மா கொட்டானை உள்ளறைக்கு எடுத்துப்போய் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துக் கதவைச் சாத்துவாள். புது வலை முடிந்தாலும் அதில் ஒரு துண்டு அந்தக் காலடிக்குப் போகிற வீடு எங்களுடையது. தோட்டாவும் அங்கே போய்ச் சேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

வியப்பெல்லாம் பிறகுதான். மாமா துப்பாக்கியின் முனைமேல் ஒரு காசை வைக்கச் சொல்லுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பேன். டிக் என்று சத்தம் வரும். முதலில் எல்லாம் காசு விழுந்து உருண்டது. போகப் போக, சத்தம் வந்த பிறகும் காசு அப்படியே இருந்தது. அந்த நேரம் மாமா பாறை மாதிரி தெரிவார். பூசையில் மணியடிக்கும்போது வருகிற மாதிரி எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அம்மாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் ஆகவில்லை.

"ஏலே, சும்மா சும்மா இழுத்து அதை ஒடிச்சிராத. சர்க்கார் சாமான். உள்ள தோட்டாவைக் கொத்துத ஊசி ஒடிஞ்சா உன்னயத்தான் கேப்பாங்க."

அப்பாவும் சேர்ந்துகொண்டார். "அக்கா சொல்லுதது சரிதான் மாப்ள. வள்ளத்து மோட்டாரைத் தண்ணியில்லாம ஓட்டிப் பாரு, கருகிரும்."

மாமா சிரித்தபடி இரண்டு வெடித்த தோட்டாக் கூடுகளைக் கொண்டுவந்தார். சின்னக் கூட்டில் விளிம்பு நசுங்கியிருந்தது. பெரியதில் நட்ட நடுவில் ஒரு குழி.

"சின்னது பள்ளிக்கூடத்துல பழகுத ரைபிளோடது, அத்தான். அதுல ஊசி விளிம்புல கொத்தும். தோட்டா இல்லைன்னா இரும்புலயே கொத்தி மழுங்கிரும். அது ஆகாது. இந்தத் துப்பாக்கியில நடுவுல கொத்துது. தோட்டா இல்லைன்னா வெறும் ஓட்டைக்குள்ள போயிட்டு வருது, அவ்வளவுதான்."

பெரிய கூட்டை என் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் குழியில் என் சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. அவ்வளவு சின்ன இடத்தில் தொட்டால் அவ்வளவு பெரிய வெடி என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

அம்மா விடவில்லை. "எவ்வளவு இழுத்தாலும் ஒண்ணும் ஆவாதோ?"

"பழைய துப்பாக்கின்னா, நாள்பட நாள்பட ஊசி சோர்ந்து ஒடியலாம்க்கா."

"அப்ப ஒடியலாம்."

இதை அம்மா கொஞ்சம் ஆசையாகவே சொன்ன மாதிரி இருந்தது. மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு டம்மி தோட்டாவை எடுத்தார். மருந்து கிடையாது. ஊசி கொத்துகிற இடத்தில் ரப்பர் வைத்திருந்தது. இதைப் போட்டுக்கொண்டு இழுத்தால் ஊசிக்கு அந்த அலுப்பும் இல்லை என்றார். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னமும் செய்" என்று அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் அம்மா தோற்றுவிட்டாள் என்று அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன்.

மாமா தேறிவிட்டார். துப்பாக்கியை ஒரு கீறல்கூட இல்லாமல் திருப்பிக் கொடுத்ததாகவும், பரிசோதித்தவர் ஊசியைப் பார்த்துத் தலையாட்டியதாகவும் வந்து சொன்னார். தெருவே வந்து கைகொடுத்தது. அம்மா எல்லாருக்கும் காப்பி போட்டாள்.

லாஞ்சில் அவர் முதல் தடவையாகக் கடலுக்குப் போன அன்று, அம்மா அரிவாள்மணையின் முனையால் சுவரிலிருந்த சிப்பியைப் பெயர்த்தாள். ஒட்டியிருந்த களிமண்ணைக் கழுவித் துடைத்து, தோட்டாக் கொட்டான் இருந்த அதே இடத்தில், மாதாவின் காலடியில் வைத்தாள். பிறகு வெகுநேரம் முழங்காலிலேயே இருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு இழுத்தும் ஊசி ஒடியாமல் இருந்ததே, அதற்கான நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டேன்.