சரிவாக வெட்டிய கேபிள் குழி

வலங்கைமான் பக்கம் ஒரு ரோட்டோரமாக இன்டர்நெட் கேபிள் போட்டோம். குழி வெட்ட நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் வயல் வேலை பார்த்தவர்கள்.

மதகு கிட்டே ஜேசிபி விடக்கூடாது. மண்வெட்டிதான். ஆழம் மூன்றடிக்குக் குறையக்கூடாது. வாய்க்கால் கரையைத் தொடக்கூடாது. அன்று வெட்டியதை அன்றே மூட வேண்டும். சூப்பர்வைசர் இதையெல்லாம் பேப்பரில் வைத்திருந்தார். சின்ன வயசு, வெளியூர். காலையில் படித்துக் காட்டினார். தலையாட்டினோம்.

மதகுப் பக்கம் கரையில் ஒரு முழம் மண் விட்டுத் தொடங்கினோம். ரோட்டோடு நூறு அடி. குழி முடிகிற இடத்தில், ரோட்டுக்குக் கீழே, ஓர் அம்மாவின் நாற்றங்கால். நாற்று மஞ்சளாகி, தரை வெடித்திருந்தது. மதகில் தண்ணீர் நிற்கிறது. அந்த அம்மாவுக்குப் போகிற வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது.

"மழை வர்ற வரைக்கும் தாங்கிட்டா போதும். இல்லன்னா மாட்டுக்குத்தான்" என்றார் அந்த அம்மா.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தோம். குழியில் தண்ணீர். கரையில் நண்டு வளை இருந்திருக்கிறது. கசிந்த தண்ணீர் நிற்கவில்லை. நேராக ஓடி, கடைசியில் ரோட்டுச் சரிவில் திறந்திருந்த குழி வாய் வழியாக வழிந்து, நாற்றங்காலில் விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் டேப்பை எடுத்து அளந்தார். மதகுப் பக்கம் மூன்றடி, நாற்றங்கால் பக்கம் நாலடி. எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. மண்வெட்டியைப் பிடித்தால் கை தண்ணீர் ஓட்டத்துக்குத்தான் வெட்டும்.

"குழி வெட்டச் சொன்னா வாய்க்கால் வெட்டி வச்சிருக்கீங்களே!"

எங்களில் பெரியவர் எட்டிப் பார்த்தார். "நல்ல வாய்க்கால்தான் தம்பி. எங்கயும் தேங்கல பாருங்க."

"தூர்வாரச் சொல்லி மூணு வருஷமா மனு குடுக்கறேன்" என்றார் அந்த அம்மா. "நீங்க ஒரு காலையில முடிச்சிட்டீங்க."

"நாலு மணிக்கு ரோட்டு ஆபீசர் வர்றாரும்மா. சிரிக்காதீங்க."

சூப்பர்வைசர் பேப்பரைப் புரட்டினார். குழியில் தண்ணீர் இருந்தால் வெளியேற்றிவிட்டுத்தான் கேபிள் போட வேண்டுமாம். ரோட்டில் விடக்கூடாதாம்.

"அப்ப எங்கதான் விடறது?"

"என் வயல் ரோடு இல்லையே தம்பி" என்றார் அந்த அம்மா.

சூப்பர்வைசர் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு என்னிடம் நண்டு வளையை அடைக்கச் சொன்னார். களிமண் எடுக்கப் போனேன். அந்த ஊரில் எங்கே மிதித்தாலும் களிமண். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. சூப்பர்வைசர் இரண்டு தடவை வாட்சைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

வளையை அடைத்தேன். குழியில் இருந்த மிச்சமும் வடிந்து போனது.

ஆபீசர் வந்து இரண்டு பக்கமும் அளந்தார்.

"அங்க ஏன் நாலடி?"

"மூணடிக்குக் குறையக் கூடாதுன்னுதான் சார் போட்டிருக்கு" என்றார் சூப்பர்வைசர்.

ஆபீசர் கையெழுத்துப் போட்டார். கேபிளைப் போட்டோம். பொழுது சாய்வதற்குள் மூடி, மேலே மிதித்துக் கெட்டிப்படுத்தினோம். அந்த அம்மா பக்கத்து வீட்டிலிருந்து டீ வாங்கிவந்து கொடுத்தார். சூப்பர்வைசருக்கு முதல் டம்ளர். நாற்றங்காலில் இரண்டு விரல் அளவு தண்ணீர் நின்றது.

ஆறாம் நாள் மழை பிடித்தது. அடுத்த வாரம் வேறு வேலைக்காக அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டிக் கரையில் வரிசையாக வைத்திருந்தார்கள். பச்சையாகத்தான் இருந்தது.

பஸ் அங்கே நிற்காது.