கனகசபாபதியின் மூன்று அடி

வலது கை விரல்களுக்குக் கூடு போடும்போது கனகசபாபதி மனிதர்களுடன் பேசமாட்டார். துணியும் பசையுமாக இறுகிப்போன கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே ஊதி, மாட்டுவார். சுண்டுவிரல் கூடு மட்டும் எப்போதும் மறுக்கும். "ஏறடா, உன்ரை கலியாணம் இல்லை உது" என்று அதனிடம் சொல்வார்.

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் தவில் அடிக்கிறவர். ஐம்பது வயது இருக்கலாம். வாரைத் தாங்கித் தாங்கி ஒரு தோள் இறங்கிவிட்டது. மானிப்பாய் பஸ்ஸில் தவிலுக்கும் டிக்கெட் கேட்ட கொண்டக்டரிடம், "மடியிலை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் டிக்கெட் எடுக்கிறதே, தம்பி?" என்று கேட்டு, மீதி வழி முழுவதும் அதை அணைத்துக்கொண்டே வந்தார்.

அவரை மேதை என்று சொல்ல நான் தயாரில்லை. அந்த ஊரிலேயே அவரிலும் கெட்டிக்காரர் இருக்கிறார்கள். ஆனால், கெட்டிமேளம் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு, யாரும் எதிர்பாராத நேரத்தில் மூன்று அடி அடிப்பார். தகப்பனும் அப்படி அடித்ததில்லை; குருவும் அடித்ததில்லை. தன்னுடையது என்று ஒருவன் சொல்லக்கூடியது உலகில் மிகக் குறைவு. அவருக்கு இருந்தது அவ்வளவுதான்.

இப்போது அது எல்லோருக்கும் தெரியும், 'சோளகம்' குழுவின் அடியாக. மயிலிட்டிப் பெடியங்களின் அந்தப் பொப் இசைக் குழு பாடிய 'மீன்வாடிக் காதலி' கேட்காத தேநீர்க்கடை குடாநாட்டில் இல்லை. பாட்டை விட அதன் முடிவுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். கிற்றார் இழுபட்டு ஓயப்போகும் நேரத்தில் திடீரென்று தவில் பாய்கிறது. எல்லா வாத்தியங்களும் அதன் பின்னால் ஓடுகின்றன. பிறகு ஒரு மௌனம், மூன்று அடி.

அது தவறுதலாக நடந்தது. ஆடிவேல் திருவிழாவுக்கு வாசிக்கக் கொழும்பு போயிருந்த கனகசபாபதியை, குழுவில் ட்ரம்ஸ் அடிக்கும் பேதுரு ஒரு பாட்டுக்கு வாசிக்கக் கூட்டிப்போனான். கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர், இன்னும் ஒரு நிமிடம்தான் என்று சொல்ல விரலை உயர்த்தியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும், உயர்ந்த விரலைக் கண்டால் தாலி ஏறுகிறது என்று அறிந்தவர் கனகசபாபதி. "விரலைக் கண்டா நான் என்னப்பா செய்யிறது? கெட்டிமேளம்தான்!"

இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. அவரே வேண்டாம் என்றார். அவர் திருவிழாவுக்கு வாசிக்கும் கோயிலின் மனேச்சர் இளையதம்பி, சினிமா மெட்டு வாசித்த ஒரு நாதஸ்வரக்காரரை வீதியோடு திருப்பி அனுப்பியவர். திருவிழா போனால் கனகசபாபதிக்கு வருமானமும் போகும், ஊரில் நிற்கும் இடமும் போகும். பேதுரு சொன்ன சொல் காத்தான். அந்த முடிவு எப்படி வந்தது என்று வானொலியில் கேட்டபோதும், "சும்மா ஒரு உசாரிலை வந்தது" என்று மட்டும் சொன்னான்.

அன்று மனைவி ஞானாம்பிகை ரேடியோவை நிறுத்தினார். "உங்கடை அடிக்கு உவன் பேதுரு மாலை வாங்கிறான். நீங்கள் இருந்து விரலுக்குக் கூடு போடுங்கோ."

"திருவிழாவை விட்டிட்டு மாலையை அவிச்சுத் தின்னுறதே?" என்றார் கணவர்.

சென்ற ஆவணியில் மானிப்பாயில் ஒரு கலியாணம். பந்தலில் ஒலிபெருக்கிக்காரன் அந்தப் பாட்டைத்தான் போட்டான். முடிவு வந்ததும் பின்வரிசை இளைஞர்கள் மூன்று முறை கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த இளையதம்பி எழுந்து, வார் இறுக்கிக்கொண்டிருந்த கனகசபாபதியிடம் வந்தார்.

"என்ன காணும், நானும் கொஞ்ச நாளாக் கவனிக்கிறன். கெட்டிமேளம் முடிய நீரும் உந்தப் பாட்டிலை வாற மாதிரி மூண்டு தட்டுத் தட்டுறீர். ரேடியோவைக் கேட்டுப் பழகினீரோ?"

கனகசபாபதி வாயைத் திறந்தார். அந்த மூன்று அடி முன்பே தன்னுடையது என்று சொன்னால், இசைத்தட்டில் அடித்தது யார் என்பதும் வெளிவந்துவிடும்.

"கேள்விப்படுறதுதானே ஐயா, கைக்கு வந்திடுது."

"வரப்படாது. கோயில் மேளத்துக்கு உந்தச் சேட்டை ஆகாது. வாற திருவிழாவுக்கு வேறை ஆளைப் பாக்க வைக்காதையும்."

"ஓம் ஐயா."

தன்னையே பார்த்துத் தான் எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்டவன் என்ன பதில் சொல்வான் என்று நான் வாசித்த நூல்களில் இல்லை. கனகசபாபதி சுண்டுவிரல் கூட்டை மாட்டினார். அன்று அதனிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

முகூர்த்த நேரத்தில் ஐயர் விரலை உயர்த்தினார். தவில் பாய்ந்தது. தாலி ஏறியது, பூவும் அரிசியும் விழுந்தன, கெட்டிமேளம் நின்றது. ஒரு மூச்சு நேரம். பின்வரிசையில் இளைஞர்கள் கைகளைத் தூக்கிக் காத்திருந்தார்கள். இளையதம்பி தவிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகசபாபதி இடது கைக் கம்பை மடியில் வைத்தார். கூடு போட்ட வலது கையைத் தொடைக்குக் கொண்டுபோய், வேட்டியின் மேல், ஓசை எழாமல், மூன்று முறை வைத்து எடுத்தார்.