நெருப்பை விழுங்கும் மீன்

விருத்தாசலத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த பீங்கான் பட்டறைக்கு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சீன ஓட்டலிலிருந்து ஆர்டர் வந்தது. கூரை உச்சியில் வைக்க, டிராகன் தலையும் மீன் உடலுமாக எட்டு டிராகன் மீன்கள். அவை நெருப்பை விழுங்கிக் கூரையைக் காக்குமாம்.

அவற்றைச் செய்தவர் குச்சி உடம்புக்காரர். பேசும்போதும் களிமண்ணைப் பிசைந்துகொண்டே இருப்பார். அவருடைய கீற்று வீடு எரிந்து சாம்பலான மறுநாள் காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டார். எனக்குக் கோபம்.

“யோவ், வூடே போயிடுச்சு, இங்க என்னய்யா பண்ற?”

“அங்க உக்கார நெழலு எங்க சார் இருக்குது?”

“ஒரு மீன உன் வூட்டு மேல வச்சிருக்கலாம்ல?”

“கீத்து இந்தக் கனத்தத் தாங்காதுங்க. ஓட்டு வூடு வேணும். ஓட்டு வூடா இருந்தா எரிஞ்சே இருக்காது.”

சொல்லிவிட்டு மீனின் வாயில் பல் வைக்க ஆரம்பித்தார். ஒரு பல்கூடக் கோணவில்லை.